எதிரே நிற்பவர்: தமிழ்க் குணச்சித்திர நடிகர்கள் உருவான வழி

1947 பொங்கலையொட்டி ஏவி.எம்.மின் 'நாம் இருவர்' வெளியானது. சண்முகம் பிள்ளை என்ற கள்ளச்சந்தைப் பேர்வழியாக அதில் வரும் பெரியவரைப் பார்த்தவர்கள் அவருக்கு ஐம்பது, அறுபது வயது இருக்கும் என்றே நினைத்திருப்பார்கள். அவர் வி.கே. ராமசாமி. அப்போது அவருக்கு வயது 21. 'தியாக உள்ளம்' என்ற பெயரில் மேடையில் நடந்துகொண்டிருந்த நாடகம்தான் படமாயிற்று. மேடையில் கிழவராக நடித்த இளைஞரையே மெய்யப்பச் செட்டியார் காரைக்குடி ஸ்டுடியோவுக்கும் கூட்டிவந்தார். அந்த இழுவைக் குரலும் தளர்ந்த நடையும் அப்படியே ஒட்டிக்கொண்டன. அதன்பின் 2002இல் காலமாகும்வரை அவர் நடித்ததெல்லாம் பெரும்பாலும் அப்பா, மாமனார், மிராசுதார், கணக்குப்பிள்ளை வேடங்கள். அவருடைய சொந்த வயது வேடத்தின் வயதைப் போய்ப் பிடிக்கவே நாற்பது ஆண்டு ஆயிற்று.

ஒரு கதாநாயகனின் வாழ்க்கையில் இப்படி நடக்காது. அவன் வயதை மறைக்கப் பாடுபடுவான். இவர்களோ வராத வயதை வரவழைக்க வேண்டும். இருபத்தோரு வயதுப் பையனுக்கு அந்த முதுமை எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், தமிழில் குணச்சித்திர நடிகர்கள் எப்படி உருவானார்கள் என்பது ஓரளவு விளங்கும்.

கோடம்பாக்கத்தில் இவர்களைக் 'கேரக்டர் ஆர்ட்டிஸ்ட்' என்பார்கள். பத்திரிகைத் தமிழில் குணச்சித்திர நடிகர். விருதுப் பட்டியலில் 'துணை நடிகர்' என்று இருக்கும். எனக்கு அந்தக் கடைசிச் சொல் பிடிப்பதில்லை. கூட்டத்தில் நிற்பவரையும் துணை நடிகர் என்கிறோம், ஒரு படத்தையே தோளில் தாங்கியவரையும் அதே பெயரால் அழைக்கிறோம். அந்த விருதுகூட எவ்வளவு தாமதமாக வந்தது பாருங்கள். தேசிய விருதுகளில் துணை நடிகருக்கென்று தனிப் பரிசு 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தரப்படுகிறது. அதற்குள் டி.எஸ். பாலையா (1972), எஸ்.வி. ரங்கா ராவ் (1974), எஸ்.வி. சுப்பையா (1980) மூவருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாகேஷுக்குக் கிடைத்தது 1994இல் வந்த 'நம்மவர்' படத்துக்காக. அதற்குள் அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடித்திருந்தார்.

சரி, இவர்கள் செய்யும் வேலை என்ன? வசனம் பேசுவது அதில் பாதிகூட இல்லை. எதிரே நிற்பவர் பேசுவதைக் கேட்பதுதான் இவர்களுடைய தொழிலின் உயிர். இதற்கு 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தைவிட நல்ல பாடம் கிடையாது. சினிமா எடுக்கக் கிளம்பிய மகன் செல்லப்பா அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைச் சொல்கிறேன். அதை எல்லோரும் நாகேஷின் காட்சி என்றுதான் சொல்வார்கள். காலடி ஓசை, கதவுச் சத்தம், அலறல் எல்லாவற்றையும் நாகேஷே வாயால் உண்டாக்குகிறார். இன்னொரு முறை அந்தக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பயம் முழுக்க பாலையாவின் முகத்தில்தான் இருக்கிறது. முதலில் வேண்டாவெறுப்பாகக் காது கொடுக்கிறார். பிறகு தன்னையறியாமல் கதைக்குள் போகிறார். ஒரு கட்டத்தில் கண் விரிகிறது, உதடு ஏதோ சொல்ல வந்து அப்படியே நின்றுவிடுகிறது. மகன் சொல்வது அரைகுறைக் கதை என்பது நமக்குத் தெரியும், அவர் முகத்தைப் பார்த்ததும் நமக்கும் சிரிப்போடு ஒரு நடுக்கம் வருகிறது. பாலையா அங்கே கொஞ்சம் கூடுதலாக நடித்திருந்தால் நாகேஷ் விழுந்திருப்பார். கொஞ்சம் குறைத்திருந்தால் காட்சியே விழுந்திருக்கும்.

அடுத்த ஆண்டே 'திருவிளையாடல்'. ஹேமநாத பாகவதராக 'ஒரு நாள் போதுமா' என்று பாலையா செருக்கோடு பாடும்போது பாலமுரளிகிருஷ்ணாவின் குரல் அவர் தொண்டையிலிருந்தே வருவதுபோல இருக்கும். அந்தச் செருக்கு இறங்குவது இன்னொருவர் பாட்டைக் கேட்கும்போது. விறகு விற்பவனாக வந்த சிவன் திண்ணையில் உட்கார்ந்து பாட, வீட்டுக்குள்ளிருந்து பாகவதர் கேட்கிறார். வித்தை தெரிந்தவனுக்குத்தான் அடுத்தவன் வித்தையின் உயரம் தெரியும். அந்தத் தோல்வி வசனமாக வருவதற்கு வெகு நேரம் முன்பே முகத்துக்கு வந்துவிடுகிறது.

1936இல் 'சதி லீலாவதி'யில் அறிமுகமாகி, அடுத்த ஆண்டு 'அம்பிகாபதி'யில் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு வில்லனாகி, ஐம்பதை ஒட்டிய வயதில் 'காதலிக்க நேரமில்லை'யின் அப்பா வேடத்துக்கு வந்து சேர்ந்தவர் பாலையா. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் தவில்காரர் முத்துராக்கு. நாதஸ்வரத்துக்குத் தவில் எப்படியோ, அப்படித்தான் அவர் சிவாஜிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். முந்திக்கொள்ள மாட்டார், விட்டும் கொடுக்க மாட்டார்.

இந்தக் கேட்கும் பழக்கம் வந்த முதல் இடம் பாய்ஸ் கம்பெனி, அதாவது சிறுவர்களை வைத்து நடந்த நாடகக் குழு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தபோது டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயது. அந்தக் கம்பெனிகளில் பையன்கள் அங்கேயே தின்று, அங்கேயே தூங்கி, அங்கேயே அடி வாங்கி வளர்ந்தார்கள். தன் பாடத்தை மட்டும் நெட்டுருப் போட்டால் போதாது. இன்று ராஜபார்ட்டுக்கு, கதாநாயக வேடக்காரனுக்கு, காய்ச்சல் என்றால் நாளை நீ நிற்க வேண்டும். ஆகவே எல்லோருடைய பாடமும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இரவு முழுக்கப் பக்கத்து ஆள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மேடையில் நின்றே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

அதோடு மகரக்கட்டு என்று ஒன்று உண்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் பையனுக்குக் குரல் உடையும். அதுவரை ஸ்திரீபார்ட் என்ற பெண் வேடம் போட்டுப் பாடிக் கைதட்டல் வாங்கியவன் ஒரே மாதத்தில் ஒன்றுமில்லாதவன் ஆகிவிடுவான். பாட்டு போனவனுக்கு மிச்சம் கிடைத்தவை கிழவன், மந்திரி, சேவகன், வில்லன் வேடங்கள்தான். இது என் ஊகம், ஆனால் உறுதியாகவே நம்புகிறேன்: தமிழின் பெரிய குணச்சித்திர நடிகர்களில் பலரை உருவாக்கியது அந்தக் குரல் உடைந்த காலம்தான். பாட்டால் ஆளைக் கட்டிப்போட முடியாதபோது நடையாலும் பார்வையாலும் கட்டிப்போடக் கற்றாக வேண்டும். இருபத்தோரு வயது ராமசாமியின் முதுமை வந்த இடமும் இதுதான். பாய்ஸ் கம்பெனியில் வயது என்பது வேறு எந்த வேடத்தையும் போலக் கற்றுக்கொள்கிற ஒன்று.

டி.கே. சண்முகம் சகோதரர்களின் டி.கே.எஸ். நாடக சபையில் பழகி வந்தவர் எஸ்.வி. சுப்பையா. 'கப்பலோட்டிய தமிழன்' (1961) சிவாஜியின் படம், வ.உ.சி.யின் கதை. ஆனால் பாரதியை நினைத்தால் இன்றும் பல தமிழர்களுக்கு அந்தப் படத்து சுப்பையாவின் முகம்தான் வருகிறது. 'ஆதி பராசக்தி'யில் (1971) அபிராமி பட்டர், 'அரங்கேற்ற'த்தில் (1973) வறுமையில் உழலும் புரோகிதர். ஜெயகாந்தனின் 'கைவிலங்கு' கதையை 'காவல் தெய்வம்' (1969) என்று சொந்தமாகத் தயாரித்தும் பார்த்தார். சுப்பையாவிடம் எப்போதும் ஒரு ஒடுக்கம் இருக்கும். தோளைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பார். ஏழை வாத்தியார், ஏமாந்த தகப்பன், கடவுளிடம் மன்றாடுகிற பக்தன் எல்லோரும் அந்தத் தோளிலிருந்தே வந்தார்கள்.

பெண்களுக்கு வயது இன்னும் வேகமாக ஏறியது. 1942இல் கண்ணகியாகச் சிலம்பை உடைத்த கண்ணாம்பா 1954இல் மனோகரனின் தாய். 'பராசக்தி'யில் (1952) சிவாஜிக்கு ஜோடியாக வந்த பண்டரிபாய், 'தெய்வ மகன்' (1969) படத்தில் ஒரு சிவாஜிக்கு மனைவி, மற்ற இரண்டு சிவாஜிக்கும் அம்மா. வடிவுக்கரசி 'முதல் மரியாதை'யில் (1985) பொன்னாத்தாவாக நடித்தபோது இருபதுகளில்தான் இருந்தார். பிறகு 'அருணாச்சலம்' (1997) படத்தில் தன்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்த ரஜினிகாந்துக்குக் கூன் விழுந்த பாட்டியாக வந்தார். இதை அவருடைய திறமை என்று கொண்டாடலாம், கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் நாற்பது வயதுப் பெண்ணுக்கு நாற்பது வயதுப் பெண்ணாகவே நடிக்க எத்தனை வேடங்களைத் தமிழ் சினிமா எழுதியிருக்கிறது என்று கேட்டால் வருத்தமே மிஞ்சுகிறது. மனோரமா ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார். 'தில்லானா மோகனாம்பாள்' படத்து ஜில் ஜில் ரமாமணி மாதிரி முழு வாழ்க்கையும் உள்ள வேடம் அவருக்கே எத்தனை முறை கிடைத்தது?

இரண்டாவது பள்ளிக்கூடம் சபா, நாடகமும் கச்சேரியும் நடத்தும் ரசிகர் சங்கம். பாய்ஸ் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு, 1950களிலும் 60களிலும் சென்னையில் அமெச்சூர் குழுக்கள் பெருகின. பகலில் ஆபீஸ், மாலையில் ஒத்திகை, வார இறுதியில் மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ நாடகம். கே. பாலசந்தர் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஏ.ஜி. ஆபீஸ் ஊழியர். நாகேஷ் ரயில்வே குமாஸ்தா. சுந்தரராஜன் தொலைபேசித் துறை. பூர்ணம் விஸ்வநாதன் அகில இந்திய வானொலியின் செய்தி வாசிப்பாளர். 1947 ஆகஸ்ட் 15 காலை டெல்லியிலிருந்து சுதந்திரச் செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது.

சபா நாடகங்களை விமர்சகர்கள் நிறையவே குறை சொல்லியிருக்கிறார்கள். நியாயமான குறைகள்தான். மேலேயிருந்து தொங்கும் மைக்குக்குக் கீழே போய் நின்றுதான் வசனம் சொல்ல வேண்டும். நாலு பேர் பேசும் காட்சி என்றால் நாலு பேரும் ஒரே இடத்தில் குவிந்து நிற்பார்கள். ஒரு சோபா, ஒரு டீப்பாய், ஒரு கதவு. ஜோக்குக்கு ஜோக் கைதட்டல். ஆனாலும் அந்த மேடை கொடுத்த ஒன்றை வேறு எதுவும் கொடுக்கவில்லை. நடிகர் காலையில் பார்த்த மேலதிகாரியை மாலையில் மேடையில் காட்ட முடிந்தது. லீவு கேட்டு நிற்பவன் எப்படி நிற்பான், பெண்ணுக்கு வரன் தேடுகிற தகப்பன் சம்பள நாளில் எப்படி நடப்பான், பென்ஷன் வாங்கியவர் நாற்காலியில் எப்படி உட்காருவார் என்பதெல்லாம் அவர்கள் பயிற்சி வகுப்பில் கற்றவை இல்லை. பக்கத்து மேஜையில் பார்த்தவை. அதே நாடகத்தை ஐம்பது முறை, நூறு முறை போடும்போது, எந்த இடத்தில் அரங்கம் மூச்சைப் பிடிக்கிறது என்பதும் காதுக்குத் தெரிந்துவிடும்.

அப்படி நூறு முறை பழகிய வேடம்தான் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்தில் கண் தெரியாத ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியாக நடித்த சுந்தரராஜன், 1966இல் அது படமானபோதும் அந்த வேடத்தை ஏற்று, வாழ்நாள் முழுக்க 'மேஜர்' ஆனார். ஔவையாராக நடித்த சண்முகம் 'அவ்வை' சண்முகம். சோவின் நாடகத்தில் ஏற்ற பாத்திரத்தின் பெயரால் 'காத்தாடி' ராமமூர்த்தி. பிறகு சினிமா அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது: 'வெண்ணிற ஆடை' மூர்த்தி, 'பசி' சத்யா, 'நிழல்கள்' ரவி, 'தலைவாசல்' விஜய், 'ஆடுகளம்' நரேன். கதாநாயகர்களுக்குப் பட்டம் கிடைக்கிறது, புரட்சி என்றும் சூப்பர் என்றும். இவர்களுக்குக் கிடைப்பது செய்த வேலையின் பெயர். எந்தப் பட்டத்தையும்விட எனக்கு அது மரியாதையானதாகப் படுகிறது.

டெல்லி கணேஷின் 'டெல்லி' என்பதும் அப்படி வந்ததுதான். வல்லநாட்டுக்காரரான கணேசன் 1964இலிருந்து 1974வரை இந்திய விமானப்படையில் இருந்தார். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தார். பிறகு சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் சேர்ந்தார். விசு எழுதிய 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தை பாலசந்தர் 1977இல் படமாக்கியபோது அதில் அறிமுகம் ஆனார். டெல்லி கணேஷ் என்ற பெயரையும் பாலசந்தரே வைத்தார். மேடை, சினிமா, தொலைக்காட்சி மூன்றிலும் ஒருவர் எப்படித் தாக்குப்பிடித்தார் என்று பார்க்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 2024 நவம்பரில் காலமாகும்வரை 400 படங்களுக்கு மேல் நடித்தார்.

'சிந்து பைரவி'யில் (1985) குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வரும் மிருதங்க வித்வான் குருமூர்த்தி அவர்தான். கதாநாயகனான பாடகர் ஜே.கே.பி. மேடையிலேயே அவரை எழுந்து போகச் சொல்கிறார், மிருதங்கம் இல்லாமலே கச்சேரி தொடர்கிறது. படத்தின் பிற்பகுதியில் அதே ஜே.கே.பி. குடியில் விழப்போகிறார். ஆகவே முதல் காட்சியில் அந்த அவமானம் நமக்கு உறைக்க வேண்டும். உறைக்கும்படி செய்தது பாடகர் காட்டிய கோபத்தைவிட, தள்ளாட்டத்தை மறைக்கப் பார்த்துத் தோற்றுப்போகிற அந்த வித்வானின் முகம்தான். 'நாயக'னில் (1987) தாராவி கும்பலோடு இருக்கும் ஐயர். 'அபூர்வ சகோதரர்க'ளில் (1989) நாலு வில்லன்களில் ஒருவர். அடுத்த ஆண்டே 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காடு மணி ஐயர். பேசுவது பாலக்காட்டுத் தமிழ், பிறந்த ஊரோ தாமிரபரணிப் பக்கம். பத்தாண்டு ராணுவ முகாமில் பல ஊர்க்காரர்களோடு இருந்தவருக்கு ஊர்ப்பேச்சைப் பிடிக்கும் காது வாய்த்ததில் வியப்பில்லை.

கமல்ஹாசன் படங்களில் இவர் திரும்பத் திரும்ப வந்ததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. கமல் சிறுவயதில் டி.கே. சண்முகத்தின் குழுவில் பயின்றவர். 'அவ்வை சண்முகி' (1996) என்ற பெயரே அந்த ஆசிரியருக்குச் செய்த வணக்கம். மேடைப் பழக்கம் உள்ளவர் தன் எதிரே மேடைப் பழக்கம் உள்ளவர்களையே தேடுவார். அவருடைய வேகத்துக்கு நேரம் தவறாமல் பதில் போடக்கூடியவர் வேண்டும். நாகேஷ், எஸ்.என். லட்சுமி, பூர்ணம், டெல்லி கணேஷ் என்று அந்தப் படங்களின் பெயர்ப் பட்டியலைப் படித்தால் ஒரு நாடகக் குழுவின் பட்டியல்போலவே இருக்கும். 'மகாநதி'யில் (1994) பூர்ணம் விஸ்வநாதன் ஏற்ற பஞ்சாபகேசனைப் பாருங்கள். சிறைக்குள் இருந்துகொண்டு, பூஜையறையில் இருப்பவர்போல மென்மையாகப் பேசும் மனிதர். செய்தி வாசித்த குரலின் தெளிவு அதில் கேட்கும், ஆனால் வாசிப்பு கேட்காது.

சினிமாவில் இவர்களுடைய ஒரு நாள் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கதாநாயகனுக்குப் படத்துக்கு இவ்வளவு என்று சம்பளம். கேரக்டர் ஆர்ட்டிஸ்டுகளில் பெரும்பாலோருக்குக் கால்ஷீட் கணக்கு, காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை. மகள் செத்த காட்சி முதல் நாள் எடுக்கப்படலாம், அவள் பிறந்த காட்சி கடைசி நாளில். முழுக் கதையைக் கேட்டுவிட்டு வந்து நிற்பவர்கள் குறைவு. 'சஜஷன் ஷாட்'டில் கதாநாயகன் பேசும்போது இவர் முதுகும் தோளும் மட்டும் திரையில் இருக்கும், அப்போதும் முழுதாக நடித்துக் கொடுக்க வேண்டும். பிறகு காமிராவைத் திருப்பி இவருக்கு குளோசப் வைக்கும்போது, கதாநாயகன் கேரவனுக்குப் போயிருப்பார். உதவி இயக்குநர் ஒருவர் ஏற்ற இறக்கமில்லாமல் வசனத்தைப் படிப்பார். அந்த வறட்டுக் குரலைக் கேட்டுக்கொண்டு, இல்லாத மகனைப் பார்த்துக் கண் கலங்க வேண்டும். நூறு இரவு மேடையில் நின்றவருக்கு அந்த மகன் யார் என்று தெரியும். அவர் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறார்.

தொலைக்காட்சி இந்தச் சேமிப்பை வேறு விதமாகச் செலவழித்தது. 1975இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது அது சபாவின் நீட்சியாகத்தான் இருந்தது. அதே நாடகங்கள், அதே முகங்கள். 1993இல் சன் டி.வி. வந்து, நெடுந்தொடர்கள் வேரூன்றிய பிறகு கணக்கு மாறியது. 'மெட்டி ஒலி' (2002–2005) தொடரில் ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனாக டெல்லி குமார் நடித்தார். சினிமாவில் அந்த மாதிரி அப்பாவுக்கு நாலு காட்சி கிடைக்கும். இங்கே மூன்று ஆண்டு கிடைத்தது. அந்த மனிதர் மாதக் கடைசியில் என்ன செய்வார், எந்தப் பெண்ணிடம் குரல் தணியும், எந்த மாப்பிள்ளை வாசலில் நின்றால் வேட்டியைச் சரிசெய்துகொள்வார் என்பதெல்லாம் பார்வையாளர்களுக்குத் தெரிந்துபோயிற்று. இதைத் தொலைக்காட்சி தந்த கொடை என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் ஒத்திகை போய்விட்டது. தினம் ஒரு எபிசோடு ஓடியாக வேண்டும். வசனத் தாள் பல நேரம் ஸ்பாட்டில்தான் கைக்கு வரும். காமிராவுக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் ப்ராம்ப்ட் பண்ண, அதைக் காதில் வாங்கி வாயால் விடுவதே வழக்கமாயிற்று. எதிரே நிற்பவர் பேசுவதைக் கேட்க வேண்டிய காது, ப்ராம்ப்ட்டரைக் கேட்கிறது. பிறகு தனியாக டப்பிங் அறையில் குரலை ஒட்டுகிறார்கள். மேடையில் பழகி வந்தவர்கள் இதையும் சமாளித்துவிடுவார்கள். தொடரிலேயே தொடங்கி தொடரிலேயே வளர்கிற இளைஞர்கள் எங்கே போய்க் கேட்கப் பழகுவார்கள்? அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழகக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

டப்பிங் அறையையே பள்ளிக்கூடமாக ஆக்கிக்கொண்டவர்களும் உண்டு. எம்.எஸ். பாஸ்கர் நெடுங்காலம் பிறருக்குக் குரல் கொடுத்தவர். பிறர் உதட்டசைவுக்குள் தன் மூச்சை அடக்கிப் பழகுவதும் ஒரு வகைக் கேட்டல்தான். 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' தொடரின் பட்டாபியாக வீடுகளுக்குள் நுழைந்தார். 'மொழி' (2007), '8 தோட்டாக்கள்' (2017) படங்களில் அவரைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு நடிகர் என்ற எண்ணம் கலைந்தது. 'பார்க்கிங்' (2023) படத்துக்காகத் தேசிய விருது வந்தது.

மூன்றாவது பள்ளிக்கூடம் என்று சொல்ல வேண்டுமானால் நவீன நாடகமும் வீதி நாடகமும்தான். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை தெருக்கூத்திலிருந்து உடல்மொழியை எடுத்துக்கொண்டது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், ஜார்ஜ் மரியான் எல்லோரும் அங்கிருந்து வந்தவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கராக வேலை பார்த்துக்கொண்டே நடிப்பைப் பார்த்துப் பழகினார். 'சார்பட்டா பரம்பரை'யில் (2021) ரங்கன் வாத்தியாராக வரும் பசுபதி பெரும்பாலும் சண்டையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். மேடைக்குக் கீழே நின்று, சிஷ்யன் வாங்கும் ஒவ்வொரு அடியையும் தன் தாடையில் வாங்குகிறார். பாலையா உட்கார்ந்து பேய்க்கதை கேட்ட நாற்காலிக்கும் அந்த இடத்துக்கும் தூரம் அதிகமில்லை.

2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் இந்த வழிகளெல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. கல்லூரி முதல்வராக வருபவர் வீதி நாடகத்திலிருந்து வந்த 'பூ' ராமு. கதாநாயகன் பரியனின் அப்பாவாக, பெண் வேடமிட்டு ஆடும் கலைஞராக வருபவர் நெல்லை தங்கராஜ், அவர் நிஜத்திலும் அந்தக் கலையைச் செய்தவர். கதாநாயகியின் தகப்பனாக வருபவர் ஜி. மாரிமுத்து. உதவி இயக்குநராகப் பல ஆண்டு இருந்து, 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' படங்களை இயக்கி, பிறகு நடிகரானவர். அடுத்தவர் வசனத்தை ஆயிரம் முறை மானிட்டருக்குப் பின்னால் நின்று கேட்டவர். 'எதிர்நீச்சல்' தொடரின் ஆதி குணசேகரனாக ஊரெல்லாம் அவரை அறிந்தது 2022க்குப் பிறகுதான். 2023 செப்டம்பர் 8 அன்று, அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது உடல்நலம் குன்றி இறந்துபோனார். மூவருமே இன்று இல்லை.

அந்தப் படத்தின் கடைசிக் காட்சியில் பரியன் பேசுகிறான், மாரிமுத்து கேட்கிறார். கார் அருகே நிற்கிறார்கள். பையன் குரலை உயர்த்தாமல், இங்கே எது மாறாதவரை எதுவும் மாறாது என்பதைச் சொல்கிறான். தகப்பனுக்கு மறுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. பார்வை ஒரு கணம் பையன்மேல் நிற்கிறது, நழுவுகிறது, மறுபடி வருகிறது. நாளைக்கு மாறலாம் என்கிற பொருளில் ஏதோ சொல்கிறார், தானே நம்பாத குரலில். பிறகு இரண்டு டீ கிளாஸ்கள் மட்டும் திரையில் இருக்கின்றன, ஒன்று பாலோடு, ஒன்று பாலில்லாமல்.